ஒரு ஃபைல் குறைந்த மூட்டை

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லாரும் 'மூட்டை' என்றுதான் கூப்பிடுவோம். ஆள் ஒன்றும் குண்டு இல்லை, ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. புரோகிராமர்கள் எழுதித் தருவதை ஓடுகிற சாஃப்ட்வேராக மாற்றி, அது ஓடுவதற்கு வேண்டிய துணை ஃபைல்களையெல்லாம் பொறுக்கி ஒரே ஃபோல்டரில் சேர்த்து, வாடிக்கையாளருக்கு அனுப்பி வைப்பது அவர் வேலை. பதினான்கு வருஷமாக அப்படி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மூட்டைகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவனை எவன் கண்டுகொள்கிறான், அவரையும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு அவருக்கு அடுத்த மேஜை. அவர் கட்டியதைப் பிரித்து ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. இப்போது அவரைப் பற்றி ஆளுக்கொன்று பேசுகிறார்கள். மகா யோக்கியன் என்று பாதிப் பேர், சொந்தக் குடும்பத்துக்கே கொள்ளி வைத்தவன் என்று மீதிப் பேர். எதைக் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பட்டம் கிட்டம் கிடையாது அவருக்கு. பிரிண்டருக்கு மை மாற்றுகிற ஆளாகத்தான் உள்ளே வந்தார். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தங்கையை வளர்த்தது அவர்தான். அவள் கல்யாணம் முடிந்த பிறகு தனக்கொன்று பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர், அப்படியே இருந்துவிட்டார். தங்கை வீடு நாலு தெரு தள்ளி. காலையில் அங்கே ஒருமுறை தலையைக் காட்டி, தங்கை மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் அலுவலகம் வருவார். அந்தக் குழந்தைக்குப் பதினோரு வயது. மாமா மாமா என்று அவர் முதுகிலேயே தொங்கும்.

தங்கை கணவர் மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் இயந்திர அறை ஆபரேட்டர். அங்கே குளிரூட்ட அமோனியா வாயு ஓடும். குழாய் கசிந்தால் ஆளைக் கொல்லும் வாயு. கசிவை அளந்து, அளவு மீறினால் சங்கை அலற விடுகிற சாஃப்ட்வேரை எங்கள் கம்பெனிதான் செய்து கொடுத்தது. மாப்பிள்ளை சொல்லித்தான் அந்த ஆர்டரே வந்தது. ஆக, மாப்பிள்ளையின் மூச்சு மச்சான் கட்டும் மூட்டையில் இருந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துதான் கேலி பேசிக்கொள்வார்கள். மதியம் ஒரு மணிக்கு மாப்பிள்ளையிடமிருந்து ஃபோன் வரும். ஸ்பீக்கர் தேவையில்லாத குரல்.

"மச்சான், உங்க சங்கு நல்லாத் தூங்குது. எழுப்பி விட்டுறாதீங்க."

"அது முழிச்சா நீங்க ஓடணும் மாப்ள. ஷூவ மாட்டிக்கிட்டே தூங்குங்க."

"நான் எங்க தூங்கறது? உங்க தங்கச்சி வீட்லயும் விடமாட்டா."

தினமும் இதே பேச்சுதான். எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது ஒரு மணி ஆனால் என் காது தானாக அந்தப் பக்கம் போகிறது.

அவர் மூட்டை கட்டும் விதத்தைச் சொல்ல வேண்டும். திரையில் புராஜெக்ட் விண்டோவைத் திறப்பார். மவுஸால் மெனுவை இறக்கி, பில்டு என்கிற வரியை அழுத்துவார். எல்லாம் முடிந்து ஃபோல்டரில் ஃபைல்கள் வந்து விழுந்ததும், திரைமேல் விரல் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். குளிர்கிடங்கு மூட்டைக்கு நாற்பத்தேழு ஃபைல். எண்ணி முடித்துத் தேதி போட்டு நோட்டில் எழுதுவார். "என்ன மூட்டை, கோழிக்குஞ்சு எல்லாம் பத்திரமா?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் சீண்டுவான். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு என்று பின்னால் தெரிந்தது.

புது மேலாளர் ஒருவர் வந்தார். பெரிய கம்பெனியில் இருந்தவர். வந்த வாரமே இந்தக் கை வைத்தியம் எல்லாம் வேண்டாம், கறுப்புத் திரையில் ஒரே ஒரு கமாண்ட் அடித்தால் மூட்டை தானே கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. மனுஷன் கையால் செய்தால் ஒருநாள் ஒன்றை மறப்பான், கமாண்ட் மறக்காது. நானும் தலையாட்டினேன். மூட்டை மட்டும் ஒரு மாதம் முரண்டு பிடித்தார். பிறகு ஊரோடு ஒத்துப் போவோம் என்று அவரும் கமாண்டுக்கு மாறினார்.

கமாண்டில் கட்டிய முதல் குளிர்கிடங்கு மூட்டையை அவர் எண்ணியபோது நாற்பத்தாறு வந்தது. மறுபடி எண்ணினார். பழைய நோட்டைப் புரட்டினார். வழக்கம்போல விண்டோவில் ஒருமுறை கட்டிப் பார்த்தார். நாற்பத்தேழு. திரும்பக் கமாண்ட். நாற்பத்தாறு. எழுந்து மேலாளர் மேஜைக்குப் போனார். அறையில் பத்துப் பேர் இருந்தோம்.

"சார், ஒரு ஃபைல் குறையுது."

"எது?"

"சங்குப் பெட்டிய இயக்கறது. விண்டோல கட்டினா கூட வருது. கமாண்ட்ல வர மாட்டேங்குது."

"எரர் ஏதாவது காட்டுச்சா?"

"இல்ல சார்."

"ஓடுதா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று காலைதான் அந்த மூட்டையை என் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டியிருந்தேன். பொய்யாக ஒரு கசிவு அளவைக் கொடுத்து, சோதனைக்கென்று வைத்திருந்த சங்கையும் அலற விட்டிருந்தேன். மாடி முழுக்கக் கேட்டது.

"ஓடுது சார். சங்கும் ஊதுச்சு," என்றேன்.

"அப்புறம் என்னங்க? தேவையில்லாத ஃபைல அதுவே கழிச்சிருக்கும். கமாண்டுக்குத் தெரியாதது உங்க விரலுக்குத் தெரியுமா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் காது மடல் சிவந்துபோனதைப் பார்த்தும் சிரித்தேன். மேஜைக்குத் திரும்பி வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"உங்க மெஷின்ல ஊதுது, சரி. அங்க ஊதுமா?"

"அண்ணே, உங்க காதாலதானே கேட்டீங்க? நீங்க புடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிக்காதீங்க."

"கேட்டேன், கேட்டேன்," என்றார். நோட்டில் நாற்பத்தாறு என்று எழுதி, பக்கத்தில் 'சரியாம்' என்று போட்டார். சோதனைத் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். மூட்டை போய்விட்டது.

அந்த முறை செய்தது சின்ன மாற்றம். வரைபடத்தின் நிறமும் மாத அறிக்கையும் மட்டும்தான். கிடங்கில் பத்து நிமிஷத்தில் ஏற்றிவிட்டார்கள். அங்கே சங்கை ஊதிப் பார்க்கவில்லை. ஊதினால் வேலையாட்கள் எல்லாரும் வெளியே ஓடுவார்கள், மீன் வெளியில் கிடக்கும், வேலை கெடும் என்று கிடங்கு மேனேஜர் மறுத்துவிட்டார். நிறம்தானே மாற்றினீர்கள், அதற்கெதற்குச் சங்கு என்று அவர் கேட்டார், நாங்களும் வற்புறுத்தவில்லை.

ஐந்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று ஏழுக்கு, இயந்திர அறைக்குப் போகும் நடையில் குழாய் மூட்டு ஒன்று கசிய ஆரம்பித்தது. சின்னக் கசிவு. அந்தப் பக்கம் எப்போதும் கொஞ்சம் நெடி இருக்கும், வேலை செய்கிறவர்கள் மூக்கு அதற்குப் பழகியிருக்கும். பழகிய மூக்கை நம்பக்கூடாது என்றுதான் சங்கே வைத்தது. மாப்பிள்ளையும் ஒரு ஃபிட்டரும் உள்ளறையில் பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இருபத்து நாலு நிமிஷம் கழித்து அந்த மூட்டு மொத்தமாக விட்டுக்கொண்டது. வெளியேற இருந்த ஒரே வழி அந்த நடைதான். இரண்டு பேரையும் தூக்கி வந்து வாசலில் போட்டபோது ஃபிட்டருக்கு உயிர் இல்லை. மாப்பிள்ளை ஆஸ்பத்திரி வரைதான் மூச்சு விட்டார்.

சங்கு ஏன் ஊதவில்லை? கிடங்கு மாடியில் மேனேஜர் அறைக் கம்ப்யூட்டரில் திரை சிவப்பாகத்தான் மாறியிருந்தது, பார்க்க அங்கே ஆள் இல்லை. சாஃப்ட்வேர் வேலை செய்திருக்கிறது, ஆகவே எவனோ சங்கின் சுவிட்சை அணைத்திருக்கிறான் என்று கிடங்குக்காரர்கள் முடிவு கட்டினார்கள். சுவிட்ச் இருந்தது ஆபரேட்டரான மாப்பிள்ளையின் அறையில். எங்கள் முதலாளியும் ஆமாம் சாமி போட்டார். செத்தவர் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எட்டாம் நாள் ஃபிட்டரின் மனைவி, கையில் ஒரு குழந்தையும் இடுப்பில் ஒன்றுமாகத் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றாள். நானும் துக்கம் கேட்க அன்று அங்கே போயிருந்தேன்.

"உன் புருஷன் நிம்மதியாத் தூங்கறதுக்கு என் புருஷன் செத்தானாடி? நீ நல்லா இருப்பியா?"

தெருவே வேடிக்கை பார்த்தது. ஊர் வாயை யார் மூடுவது? அதற்கு முந்தின நாளே பள்ளிக்கூடத்தில் எவனோ ஒரு பையன் அந்தக் குழந்தையைப் பார்த்துக் கொலைகாரன் மகள் என்று சொல்லியிருக்கிறான். அதன் பிறகு அது பள்ளிக்கூடம் போகவில்லை. மாமா முதுகிலும் தொங்கவில்லை. சுவர் மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தது.

அன்று ஃபிட்டர் மனைவி போன பிறகு தங்கை அழவில்லை. அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, அவர் அதை அணைச்சிருப்பாரா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"உங்க கம்பெனி செஞ்சதுதானே? உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? அணைச்சாருன்னா அணைச்சாருன்னு சொல்லு, நான் தாங்கிக்கறேன். இல்லன்னா இல்லன்னு சொல்லு. அந்தப் பொண்ணு வந்து கேக்கறப்போ நான் வாயத் திறந்து பதில் சொல்லணும்."

"பாத்துச் சொல்றேன்," என்றார்.

கிடங்குக் கம்ப்யூட்டரை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து ஒரு மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். விசாரணை அதிகாரி கேட்டால் கொடுக்க வேண்டுமாம். மறுநாள் காலை அவர் நேராகப் போய்த் துணியை விலக்கினார். மேலாளர் இன்னும் வரவில்லை. சாஃப்ட்வேர் தான் செய்ததையெல்லாம் எழுதி வைக்கும் லாக் ஃபைலைத் திறந்தார். நான் பின்னால் போய் நின்றேன்.

பதினொன்று ஏழிலிருந்து விநாடிக்கு ஒரு வரி இருந்தது. நேரம், வாயு அளவு, சங்கை இயக்க முயற்சி, ஃபைல் கிடைக்கவில்லை. அடுத்த விநாடி மறுபடி முயற்சி, மறுபடி ஃபைல் கிடைக்கவில்லை. இப்படி இருபத்து நாலு நிமிஷத்துக்கு. சட்டென்று கடைசிக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்தார். "போதும் அண்ணே" என்று இரண்டு தடவை சொன்னேன். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் வரியையும் படித்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கும்மா," என்றார்.

"எது அண்ணே?"

"இது. இருபத்து நாலு நிமிஷமா."

பிறகு தன் மேஜைக்கு வந்து, ஏன் என்று தேடினார். ஒரு மணி நேரம் ஆனது. கண்டுபிடித்ததை எனக்குக் காட்டினார். சங்குப் பெட்டியின் ஃபைலுக்கு நேராக விண்டோவில் 'கூடவே நகல் எடு: ஆம்' என்று இருந்தது. ஆனால் அந்த 'ஆம்' எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. விண்டோ அதுவாக ஊகித்துக் காட்டிய 'ஆம்' அது. கமாண்ட் வேறு மாதிரி ஊகித்தது. சங்குப் பெட்டியை விற்றவன் அதோடு கொடுத்த சி.டி.யை எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் எப்போதோ ஏற்றியிருந்தோம். அந்த ஃபைல்தான் மெஷினிலேயே பொதுவாக இருக்கிறதே, மூட்டையில் எதற்கு என்று கமாண்ட் விட்டுவிட்டது. என் மெஷினில் சங்கு ஊதியதும் அதனால்தான். கிடங்கில் அந்த சி.டி.யை ஏற்றியதே இல்லை. அங்கே அந்த ஃபைல் எப்போதும் மூட்டையோடுதான் போனது. புதுசை ஏற்றும்போது பழைய ஃபோல்டரை அழித்துவிட்டு ஏற்றுவது வழக்கம், அங்கே இருந்த சங்கு ஃபைலும் அதோடு போய்விட்டது.

"இப்பப் பாருங்க," என்று அந்த 'ஆம்' மேல் மவுஸை வைத்து 'இல்லை' என்று மாற்றினார். உடனே திரும்ப 'ஆம்' என்று மாற்றினார். இப்போதுதான் புராஜெக்ட்டில் அது ஒரு வரியாக எழுதப்பட்டது. கமாண்டை அடித்தார். நாற்பத்தேழும் வந்தது. எல்லாமாக அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வாசல் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன்.

முதலாளி அறைக்கு அவரும் மேலாளரும் நானும் போனோம். மேலாளர் முகம் வெளுத்துவிட்டது. கெட்டவர் இல்லை அவர், பயந்தவர். முதலாளி மட்டும் நிதானமாகப் பேசினார்.

"போன உயிர் போயிடுச்சு. நீ சொன்னா திரும்பி வருமா? செத்தவர் மேல போட்டா யாருக்கும் வலிக்கப்போறதில்ல."

"என் தங்கச்சிக்கு வலிக்குது சார்."

"சொன்னா உன் பேருதான்யா முதல்ல வரும். கட்டினது நீ. நாப்பத்தாறுன்னு உன் கையாலயே எழுதி வச்சிருக்க. உன் தங்கச்சி மூஞ்சில அப்புறம் எப்படி முழிப்ப?"

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். படியிறங்கும்போது, "உங்க ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடுவீங்களாம்மா? நடந்து போனா மனசு மாறிடுவேன்," என்றார்.

விசாரணை அலுவலகத்தில் அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதினார். சோதித்தது யார் என்று கேட்டபோது நான்தான் என்றேன். அதையும் எழுதினார். கடைசியில் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஒண்ணு குறையுதுன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"சங்கோட ஃபைல்னும் தெரியும்?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் அனுப்புனீங்க?"

அவர் 'சரியாம்' என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தார். பொய் சொல்லத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

"எல்லாரும் சிரிச்சாங்க சார்," என்றார்.

அதிகாரி பேனாவைப் பிடித்தபடி இருந்தார். அதை எப்படி எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை. நான் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து தங்கை வீட்டுக்குப் போனோம். அவள் உட்காரச் சொன்னாள், அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஃபைல், கமாண்ட் எல்லாம் அவளுக்குப் புரிந்திருக்காது. அவளுக்கு வேண்டியது மட்டும் புரிந்தது.

"அப்போ அவர் அணைக்கல."

"அணைக்கலம்மா."

"ஊதாதுன்னு உனக்குத் தெரியும்."

"ஒண்ணு குறையுதுன்னு தெரியும். இப்படி ஆகும்னு நான்..."

அவள் கையை உயர்த்தினாள். சமையலறைக்குள் போனாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மூலையில் இருந்த மகளை எழுப்பிச் செருப்பை மாட்டிவிட்டாள்.

"எங்கேம்மா?" என்றது குழந்தை.

"வா, உங்க அப்பா பேரத் திரும்ப வாங்கிட்டு வரலாம்."

எங்களை வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பின்னாலேயே போனோம். ஃபிட்டர் வீடு பக்கத்துத் தெருவின் கடைசியில் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கதவைத் திறந்த ஃபிட்டர் மனைவி, சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துப் புடவையை இழுத்துச் செருகினாள்.

"அவர் அணைக்கலீங்க," என்றாள் தங்கை. மகளின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தியிருந்தாள். "அந்தச் சங்கு ஊதவே ஊதாது. அப்படித்தான் கட்டி அனுப்பியிருக்காங்க. கட்டினவரே வந்து நிக்கறார். ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டார். நீங்களே கேட்டுக்கோங்க."

ஃபிட்டர் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். முந்தின நாள் தங்கை வீட்டு வாசலில் பார்த்த முகம் என்று அவளுக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

குழந்தை அம்மாவை நிமிர்ந்து பார்த்தது. தங்கை அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"உறவு ஒண்ணும் இல்ல. அந்தக் கம்பெனில வேலை பாக்கறவர்," என்றாள்.

ஃபிட்டர் மனைவி அவரைப் பார்த்து, "அப்படியா?" என்றாள்.

"ஆமாம்மா," என்றார் அவர். "அந்தக் கம்பெனிதான்."